கேப்டனுக்கு வழி தெரியாது

"இந்தக் கிடங்கை நாம ஏற்கெனவே பார்த்தாச்சு, கேப்டன்!" என்றாள் டீச்சர்.

கேப்டன் நிற்கவில்லை. "இது வேற கிடங்கு, டீச்சர்."

"வேறயா? அதே செங்கல், அதே உடைஞ்ச ஜன்னல், அதே நாய் அதே இடத்துல படுத்திருக்கு!"

பின்னால் வந்த பல் டாக்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாய்க்காவது படுக்க நிழல் கிடைச்சிருக்கு."

மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து நடக்கிற குழு அது. இந்த முறை துறைமுகத்தை ஒட்டிய பழைய பேட்டைகள். துறைமுகப் படகில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர் என்பதால் வழிகாட்டும் பொறுப்பு கேப்டனுக்கு. அந்தப் பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

பஸ்ஸில் வரும்போது ஏகத்துக்கு ஆசை காட்டியிருந்தார். "வளைவுத் தெருன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் கல் வளைவு, நடைபாதை முழுக்க நிழல். அதுக்குள்ளயே நடந்து படகுத்துறைக்குப் போயிடலாம்."

வளைவுத் தெரு வந்தபாடில்லை. கப்பல் பட்டறை மதிலோரமாக ஒரு சுற்று. பழைய சுங்க அலுவலகத்தின் பின்பக்கமாக ஒரு சுற்று. வேகாத வெயில். பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது.

ஒரு சந்து முனையில் டீச்சர் நின்றுவிட்டாள். "இப்படிப் போகலாமே?"

"அது முட்டுச்சந்து," என்றார் கேப்டன் அவசரமாக.

"முட்டுச்சந்துக்குள்ளேருந்து கடல் காத்து எப்படி சார் வரும்?"

பல் டாக்டர் செல்போனைத் தட்டிப் பார்த்தார். "கேப்டன், இது நேரா வளைவுத் தெருவுலதான் போய் முடியுது."

"போனை நம்பாதீங்க. மேட்டுப் பக்கமாப் போனா துறைமுகம் பூராவும் தெரியும். வாங்க."

"மேடா!" பல் டாக்டர் அலறினார். "எனக்கு இப்பவே பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரியுது."

டீச்சர், கூட வந்திருந்த தன் கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். "யார் எங்கே வேணும்னாலும் போகட்டும். நாம நிழல்ல போகலாம், வாங்க."

அவர் நகரவில்லை. "எல்லாரும் போற வழியிலயே போயிடலாமே."

"உங்களுக்கு எப்பவும் இதான். நாலு பேர் முன்னாடி புள்ளைப்பூச்சி!"

"குழுவை விட்டு யாரும் தனியாப் போகக் கூடாது!" என்று கத்தினார் கேப்டன்.

அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா? ஆயுசு பூரா இங்கேதான் இருந்தேன்னு பெருமை வேற. ஒரு தெருவுக்கு வழி தெரியலை! தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. வீம்புக்கு எங்களை ஏன் வெயில்ல வறுத்தெடுக்கறீங்க?"

எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"வயசாயிடுச்சு, டீச்சர். குழம்பிட்டேன். மன்னிச்சுக்குங்க. இந்த மேட்டைத் தாண்டினா படகுத்துறை வந்துடும். தயவுசெஞ்சு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மேடு ஏறினார்கள். உச்சியில் துறைமுகம் பூராவும் தெரியத்தான் செய்தது. யாரும் பார்க்கவில்லை.

படகுத்துறையில் பஸ் காத்திருந்தது. உட்கார்ந்ததும் டீச்சர் செல்போனை எடுத்தாள்.

"அடுத்த தடவை வேற ஆளைப் போடுங்கன்னு குழுவுல எழுதப்போறேன். பல் டாக்டரும் சரின்னுட்டார்."

கணவர் செல்போனைக் கையால் மறைத்தார். "அனுப்பாதே."

"ஏன்? அந்த மனுஷனுக்குப் பரிஞ்சு பேசறீங்களா?"

முன் சீட்டில் கேப்டன் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார யாரும் போகவில்லை.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு வழி நல்லாத் தெரியும். காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதும் நான்தான் அவரைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டேன், அந்தத் தெரு மட்டும் வேண்டாம்னு."

"நீங்களா? எதுக்கு?"

"அங்கே வளைவுக்கு அடியில இருக்கறது பூரா பார்தான். காலையிலயே திறந்துடுவான். நான் குடியை விட்டு இன்னும் வருஷம்கூட ஆகலை. இந்தத் தாகத்தோட அந்த வாசல்களைத் தாண்டிப் போயிடுவேன்னு எனக்கே நம்பிக்கை இல்லை."

டீச்சரின் விரல் அப்படியே நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீதான் பார்க்கறவங்ககிட்ட எல்லாம், 'அவருக்கு இப்போ அந்த நினைப்பே கிடையாது'ன்னு பெருமையாச் சொல்றியே. உன்கிட்ட எப்படி வாயைத் திறப்பேன்?"

அவள் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு முன் சீட்டைப் பார்த்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி அந்தத் திட்டு திட்டினேனே... அப்போகூட அவர் சொல்லலையே?"

"எப்படியும் திட்டுவாங்கன்னு அவருக்குத் தெரியும். காலையிலயே என்கிட்ட சொன்னார்: 'எனக்கு வழி தெரியலைன்னு நாலு பேர் பேசினா பேசட்டும். நீங்க வழி தவறாம வீடு போய்ச் சேர்ந்தா போதும்.'"