வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு பந்தாட்டம்

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் என் குரல் எட்டாது.

நாய்களின் ஊரில் ஒரு கால்பந்து ஆட்டம். வெளியூரிலிருந்து பூனைகள் வந்து ஆட, அவர்கள் சனமும் கூடவே பார்க்க வந்திருந்தது. வந்தவர்களுக்கு ஒதுக்கிய இடமோ வைக்கோல் போருக்குப் பின்னால். செவத்தி என்ற பூனையின் மகன் அன்றுதான் முதல்முதலாகக் கோல் காக்க நிற்கிறான். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வைக்கோல்தான்.

"எல்லாரும் என்கூடச் சேர்ந்து கத்துங்கடி," என்றாள் செவத்தி. பிறகு குரலை உயர்த்தினாள். "யாத்தே, என்னா உதை. இங்கேருந்து எம்புள்ள மீசைகூடத் தெரியுதே."

முன்வரிசை நாய்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாட்டாமை கட்டையன் எழுந்து வந்தான்.

"மைதானம் எங்க ஊருது. நல்ல இடம் எங்களுக்குத்தான். எந்திரிங்க."

"ஓரமாவாவது இருந்துக்கிறோம் மாமா."

"ஆகாது. எங்க இடத்துல போய் உட்காரு."

செவத்தி முணுமுணுத்துக்கொண்டே சனத்தோடு முன்வரிசைக்குப் போனாள். நாய்கள் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன.

"மாமா, நல்லாத் தெரியுதா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டாள் செவத்தி.

கட்டையன் எக்கி எக்கிப் பார்த்தான்; வைக்கோல்தான் தெரிந்தது.

"பிரமாதமாத் தெரியுது," என்றான் கட்டையன்.

சிரிக்கப்போன பக்கத்துப் பூனையின் வாயை வாலால் பொத்திவிட்டு, செவத்தி மகனைப் பார்க்கத் திரும்பினாள்.