கூப்பிட ஆளில்லாத ரத்தக்குழாய்

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் கிடந்தது. தட்டின் மறுகோடியில் இருந்த புற்றுக்கட்டி, "வா ராசா, வா" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குழாயும் அந்தப் பக்கமாகவே வளர்ந்தது. பாதி வழியில் பச்சைத் தேயிலைச் சாறு ஒரு சொட்டு விழுந்து மறித்தது.

"யோவ், வழியை விடு" என்றது குழாய்.

"மாட்டேன். உன் ரத்தத்தைக் குடிச்சுக் கொழுக்கத்தான் அது கூப்பிடுது."

"கொழுத்துட்டுப் போகட்டும். உனக்கென்ன?"

"வர்ற குழாயை எல்லாம் அது ராசான்னுதான் கூப்பிடும்."

"என்னை வேற யார் கூப்பிட்டா, சொல்லு."

சொட்டு இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ரத்தம் கிடைக்காமல் கட்டி சுருங்கியது. நான்காம் நாள் அதன் குரலும் நின்றுபோனது. குழாய் வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"பிழைச்சே, போ" என்றது சொட்டு.

"சரி, பிழைச்சிட்டேன்" என்றது குழாய். "இப்ப நீயாவது ஒரு தடவை என்னைக் கூப்பிடு. பொய்யாக் கூப்பிட்டாலும் போதும்."