தனி இருக்கை

பத்தாம் வகுப்பு ஆசிரியை பொற்கொடிக்கு ஆசிரியர் அறையிலிருந்த அந்தக் கணினித் திரையை விளக்குவதென்றால் தனி உற்சாகம்.

"தூக்கம், சாப்பாடு, சிரிப்பு, வீட்டுச் சண்டை எல்லாத்தையும் சேத்துப் பாத்து, வாழப் பிடிக்கலைங்கிற எண்ணம் எந்தப் பிள்ளைக்கு வரலாம்னு முன்னாடியே சொல்லிடும் சார்," என்றாள் ஷெரினின் அப்பா சேவியரிடம். "போன மாசம் உங்க பொண்ணு பேருக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்துச்சு. உடனே முதல் பெஞ்சுல தனியா உக்கார வச்சு, கண்ணெடுக்காம கவனிக்கிறேன்."

"இப்ப சிவப்பா இருக்கே டீச்சர்?"

பொற்கொடி திடுக்கிட்டு ஷெரினின் பெயரைத் தொட்டாள். காரணங்கள் விரிந்தன. வீட்டுச் சண்டை இல்லை, மதிப்பெண் இல்லை. முதல் வரியில், 'ஒரு மாதமாகத் தனி இருக்கை' என்றிருந்தது.

அவள் வகுப்புக்கு ஓடினாள். மதிய இடைவேளை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யார் பக்கத்துல உக்காரணும், சொல்லும்மா. இப்பவே மாத்துறேன்."

ஷெரின் நிமிரவில்லை. "யாரும் வரமாட்டாங்க டீச்சர். என் பக்கத்துல உக்காந்தா அவங்களுக்கும் மஞ்சள் வந்துடுமாம்."

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். வகுப்பு மொத்தமும் குனிந்துகொண்டது. மேசையிலிருந்த தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஷெரினின் பெஞ்சுக்கு வந்தாள்.

"கொஞ்சம் நகருடி," என்றாள்.