வாரி வந்த ஓடு

நாராயணவனத்து ஏரி மண்ணை வெறுமனே வனைந்தால் காயும்போதே பானை விரிசல் விடும். மாமனார் இருந்தவரை அவர்தான் பதம் பார்த்து மண் கலந்தார். அவர் போன பிறகு, அவர் மகன் திலீப் ஒரு மூட்டை உடைந்த ஓடு கொண்டுவந்து போட்டான். அவன் மனைவி பிரமிளா அதை இடித்துச் சலித்து மண்ணில் கலந்தாள்.

ஒரு பானைகூட விரியவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் ஒழுகியது. எந்த ஊர்ப் பானை இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை போட்டு ஒழுகும்?

மணலைக் குறைத்தாள். ஓட்டுத்தூளைக் கூட்டினாள். ஒழுகலும் கூடியது.

எரிச்சலில் மூட்டையைக் கவிழ்த்தாள். ஓர் ஓட்டில் கத்திமுனையால் குத்திய துளை. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“இன்னாயா இது? சுடுகாட்டுல மூணு பொத்தல் போட்டு ஒடைச்ச கொள்ளிக்குடமா?”

திலீப் தலை நிமிரவில்லை.

“ஒடைச்சிட்டு திரும்பிப் பாக்காம போன்னாங்க, வந்துட்டேன். நைனாவ அங்க உட்டுட்டு இருக்க மனசு கேக்கல. மறுநாள் போனேன்.”

“அதுக்கு ஒரு மூட்டையா?”

“எது நைனான்னு தெரியல, பிரமிளா. எல்லாரையும் வாரிக்கினு வந்துட்டேன்.”