இருநூறு போதும்

வரன் தேடும் இணையதளத்தில் சுடர்விழியின் உடல் அளவைப் புதுப்பிக்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. பத்தொன்பது வயதில் ஏற்றிய அளவோடு புதியது ஒத்துப்போகாவிட்டால், அவள் படத்தின் மேல் 'மாற்றம்' என்று சிவப்புப் பட்டை விழும். அவள் குரலில் பதிந்த காரணமும் கூடவே ஒலிக்கும். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கேட்பார்கள்.

அதனால்தான் பிளாஸ்டிக் சர்ஜன் பெனிட்டாவின் அறைக்குள் அம்மாவும் கூடவே வந்திருந்தாள்.

"முந்நூத்திருபது சிசி வைங்க டாக்டர். பழைய அளவு. பட்டையே விழாது."

டாக்டர் வெவ்வேறு அளவு சிலிகான் மார்பக மாதிரிகளை மேசையில் வைத்தார். சுடர்விழி முந்நூற்றிருபதை உள்ளாடைக்குள் பொருத்திக்கொண்டு, ஷட்டில் அடிப்பதுபோல் கையை ஓங்கி வீசினாள். வீச்சு பாதியில் இடித்தது. இருநூறு சிசி மாதிரியை வைத்தபோது கை தடையில்லாமல் போய்வந்தது.

"இது போதும் டாக்டர்."

"மணவறையில பேட்டைப் புடிச்சுக்கிட்டா நிக்கப் போறே?" என்றாள் அம்மா.

"மறுநாள் புடிப்பேன்மா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருநூறைத் தளத்தில் பதிவுசெய்தார். உடனே சுடர்விழியின் கைபேசி பேசியது: "அளவு குறைந்துள்ளது. காரணத்தைக் குரலில் சொல்லவும்."

அம்மா அதைக் கையால் பொத்தினாள். "உடம்பு இளைச்சுட்டேன்னு சொல்லுடி. ஒரு வருஷமா ஊருக்கே அதைத்தானே சொல்லிட்டிருக்கோம்."

கல்லூரியில் பெயர் கூப்பிட்டால்கூட வாய்க்குள் பதில் சொன்னவள் சுடர்விழி. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மார்புல புற்றுநோய் வந்துச்சு. ரெண்டையும் எடுத்துட்டாங்க. இந்த அளவு நான் பாத்து எடுத்தது."