சஹனின் எதிர்ப்பக்கம்

கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறு மதியம். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக இறங்கும் வெயில், பாயில் வைத்திருக்கும் சஹன் தட்டின்மேல் சதுரமாக விழுகிறது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அளவுக்குப் பெரிய தட்டு. மளிகைக்கடை மஜீத் அதன் ஒரு பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சுவலி வந்ததிலிருந்து ஆட்டுக்கறி இல்லை. சோற்றின் நடுவே மிளகு போட்டு வதக்கிய காளான் குவிந்திருக்கிறது. பாயில் கிடக்கும் போனில் ஷார்ஜாவிலிருந்து மகள் ஃபர்ஸானா பேசுகிறாள்.

“அத்தா, காளானை ஒதுக்கிராதீங்க. நெஞ்சுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல.”

“அதைத்தாம்மா தின்னுட்டிருக்கறேன்.”

சஹனில் அவரவர் தம் பக்கத்துச் சோற்றை மட்டுமே எடுப்பார்கள். நடுவில் இருக்கும் கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது இந்த வீட்டு வழக்கம். நாற்பது வருடமாக எதிரில் உட்கார்ந்தவள் அவர் மனைவி பாத்து. அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு மாதமாகிறது. மஜீத்தின் விரல்கள் நன்றாக வதங்கிய துண்டுகளாகத் தேடி எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன. மின்விசிறி கடகடக்கிறது. இவர் பக்கத்தில் வெறும் சோறு குறைந்துகொண்டே வருகிறது.

“மிச்சம் வெச்சுட்டீங்களா அத்தா?”

மஜீத் குனிந்து தட்டைப் பார்க்கிறார். எதிர்ப்பக்கத்துச் சோற்றின்மேல் காளான் முழுவதும் ஆறிக் கிடக்கிறது.

“என்ற பக்கம் காலிம்மா.”