தளர்ந்த நட்டுகள்

“போன தடவை மாட்டினப்பவே சொன்னேனே, இனி இந்த ஸ்பிரிங் ஆடாதுன்னு. உங்க அம்மா இதை ஓட்டுறாங்களா, இல்ல பாறை மேல இருந்து உருட்டி விடுறாங்களா?”

“ஆடு ஏத்துற வண்டி சித்தப்பா. ஆடுகளைத்தான் கேட்கணும்.”

“கேட்டா அதுங்களும் உங்க அம்மா மாதிரி என்னையேதான் திட்டும்.”

பழைய பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த சுவைலிமின் குரல் தகரத்தில் மோதி வந்தது. சொந்தமில்லாவிட்டாலும் மரியாதைக்கு அவரைச் சித்தப்பா என்றே கூப்பிடும் முத்லக் வெளியே நின்று சிரித்தான்.

வாதி ரம் பாலைவனத்தின் செம்மணலில் இடுப்பொடிந்த ஜீப்புகளெல்லாம் கடைசியில் சுவைலிமின் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். அவர் கைபட்ட வண்டி சீக்கிரம் திரும்பி வராது. இந்த பிக்கப் மட்டும் மாதம் தவறாமல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். அம்மாவும் மகனும் இறங்குவார்கள். உம்மு முத்லக், அதாவது முத்லக்கின் அம்மா, வேல மரத்தடியில் உட்கார்ந்து, “சுவைலிம், அந்தக் கைக்கு ஸ்பானர் எதுக்கு? போய் ரொட்டிக்கு மாவு பிசை” என்று ஆரம்பிப்பார். புருஷன் இறந்து ஒற்றை ஆளாக ஆடு மேய்த்து மகனை வளர்த்தவர். வாய்க்குப் பஞ்சமே கிடையாது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள், அவர் போன பிறகு சுவைலிமுக்கு நாள்கணக்கில் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இன்று மகன் தனியாக வந்திருந்தான். அகபா நகரத்திலிருந்து புதுச் சாமான்களும் வாங்கி வந்திருந்தான். பழையதைவிட ஒரு பட்டை கூடுதலாக வைத்த ஸ்பிரிங் கட்டுகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், கட்டைவிரல் தடிமனுக்கு யு போல்ட்டுகள்.

“உங்க அம்மா வாங்கச் சொன்னாங்களா?”

“அம்மாவுக்குத் தெரியாது. நானா வாங்கினேன்.”

சுவைலிம் பழைய ஸ்பிரிங் கட்டைக் கழற்ற ஸ்பானரை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. மரையில் புது எண்ணெய் பளபளத்தது. நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. அளவு பொருந்தாத ஸ்பானரை வைத்து யாரோ திருகியிருக்கிறார்கள். பாறையில் அடிபட்டு எந்த நட்டும் இப்படி வரிசையாகத் தளராது.

அவர் மெல்ல நகர்ந்து வெளியே வந்தார்.

“முத்லக், இது தானா கழண்டது இல்ல.”

பையனின் காது மடல் சிவந்தது. “தெரியும் சித்தப்பா.”

“தெரியுமா! வழியில கவுந்திருந்தா என்னடா ஆகியிருக்கும்?”

“அந்தப் பயத்துலதான் புதுசு வாங்கினேன்.”

அப்போது சுவைலிமின் மகள் வத்ஹா காப்பிக் குடுவையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். முத்லக்கைப் பார்த்தாள். சிரிப்பை முக்காட்டுக்குள் அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

சுவைலிமுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுபடி வண்டிக்கு அடியில் போனார். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்கும் ஒரே குரல் மகளுடையதுதான். அவளும் போய்விட்டால்? சாயங்காலம் யாரிடம் என்ன பேசுவது? ரேடியோ பேசும், ஆனால் பதில் கேட்காது. பையன் நல்லவன்தான். அதுதான் சங்கடமே. மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை.

அதனாலோ என்னவோ, மாப்பிள்ளை வீட்டு வண்டிக்குச் செய்வதுபோலவே செய்தார். மணலை ஊதி, புஷ்களுக்குக் கிரீஸ் தடவி, ஒவ்வொரு நட்டையும் மூச்சைப் பிடித்து இறுக்கினார். ஜாக்கியை இறக்கினதும் பிக்கப் நாலு விரல்கடை உயர்ந்து நிமிர்ந்து நின்றது. பின்பக்கம் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஒருமுறை பதிந்து, சத்தமில்லாமல் எழுந்தது.

“இனி ஒட்டகத்தைக் கட்டி இழுத்தாலும் இது கழலாது. இங்க வரணும்னா வேற சாக்குத்தான் தேடணும்.”

“அதுக்குத்தான் வந்திருக்கேன் சித்தப்பா.”

இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். சுவைலிம் காப்பி ஊற்றிக் கொடுத்தார். முத்லக் அதை வாயருகே கொண்டுபோகாமல் அப்படியே தரையில் வைத்தான்.

அந்த ஊர் வழக்கம் சுவைலிமுக்குத் தெரியாததா? விருந்தாளி காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால், பெண் கேட்கிற மாதிரி பெரிய காரியம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் சரி என்று சொல்லும்வரை குடிக்கமாட்டான்.

“பெரியவங்க யாரையும் கூட்டிட்டு வரலையா?”

“இந்த விஷயத்துல எங்க வீட்டுக்குப் பெரியவன் நான்தான்.”

“வத்ஹாவுக்குத் தெரியுமா?”

“அவளோட யோசனைதான் இது.”

சுவைலிம் வீட்டுப் பக்கம் பார்த்தார். திரை அசைந்தது. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடு வெறிச்சோடிப் போனால் போகட்டும். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

“காப்பி ஆறுது. கூச்சப்படாம கேளுடா.”

முத்லக் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“அந்த நட்டை நான் தொட்டதே இல்ல சித்தப்பா. போன வாரம் வண்டிக்கு அடியில ஸ்பானரும் கையுமா எங்க அம்மாவைத்தான் பிடிச்சேன். இந்தப் புது நட்டு அவங்களுக்கு அசையாது, அதனால நீங்களே அவங்களைக் கட்டிக்கிறீங்களா?”